விசிலுக்குப் பிடுங்கிய வெங்காயம்

பிள்ளை சொல்வழி கேட்பதில்லை என்று தாய்மார் யாராவது வந்து முறையிடும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருநாள் சொல்வழி கேட்டார்கள். ஒருவர் தவறாமல், ஒன்றாக, முழுமனதோடு கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவர்கள் கொஞ்சம் குழப்படி செய்திருந்தால் நான் இன்றைக்கு மரியாதையுள்ள ரீச்சராக இருந்திருப்பேன்.

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சனசமூக நிலையத்தின் பின்பக்க மண்டபம்தான் பள்ளிக்கூடம். வாசல் படலையைத் திறந்தால் ஒடுக்கமான ஒழுங்கைப் பாதை, ஒழுங்கையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண்ணும் வெங்காயமும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பயிற்சியில் சொல்லித் தந்த எல்லாம் தலைக்குள் சூடாக இருந்தது. சின்னப் பிள்ளை ஓட வேண்டும், பாய வேண்டும், தொங்க வேண்டும், உருள வேண்டும். உடம்பு அசைந்தால்தான் மூளையும் அசையும். இதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விடமாட்டேன். (மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, தன்னுடைய இடம் வருவதற்கு முன்பே இறங்கிப் போனது உண்மை.)

பள்ளிக்கூடத்தில் அசைவது என்றால் பென்சில் மட்டும்தான். காலை முழுவதும் பிள்ளைகள் சின்னக் கதிரைகளில் இருந்து ‘அ’ எழுதினார்கள். முற்றத்தில் ஊஞ்சல் கம்பம் இருந்தது, சங்கிலி இல்லை. என்னோடு படிப்பித்த இராசமலர் ரீச்சர் தங்கமான மனுஷி. ஆனால் ஒரு பிள்ளை ஓடுவதைக் கண்டால் அது விழப்போகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தோன்றும்.

நான் பெற்றோர் கூட்டத்தில் எழும்பிப் பேசினேன். நெடுநேரம் பேசினேன். முன்வரிசையில் இருந்த ஒரு தாய், “ஓடி விளையாட வீட்டிலை கோழியளே போதும் ரீச்சர், நாங்கள் எழுதப் பழகத்தானே அனுப்பிறம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கம் நின்றவர் நிர்வாகக் குழுத் தலைவர் சிவபாதம் ஐயா ஒருவர்தான். ஊரில் பெரிய வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய மகளின் மகள் கவிநயா என் வகுப்பில் இருந்தாள். தினமும் அரை மணித்தியாலம் முற்றத்தில் விளையாட விடலாம் என்று அவர் சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கவிநயாதான் என் பெரிய கவலை. நாலு வயது. கதிரையில் இருத்தினால் இருத்தியபடி இருப்பாள். தவளை மாதிரிப் பாயச் சொன்னேன், பாயவில்லை. பந்து உருட்டினேன், அது காலில் பட்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள். நான் முயல், தாரா, குரங்கு எல்லாமாகி அவள் முன்னால் குதித்துக் காட்டினேன். ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

வேறு வழி தெரியாமல் ஒருநாள் வெங்காயம் பிடுங்கும் விளையாட்டைக் கண்டுபிடித்தேன். நான் விசில் ஊதினால் எல்லோரும் குனிந்து, இல்லாத வெங்காயத்தைப் பிடித்து, இழுத்து, தலைக்கு மேலால் பின்னுக்குப் போட வேண்டும். முதுகுக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது. செய்து காட்டிக்கொண்டிருந்தபோது என் சட்டையை யாரோ இழுத்தார்கள். கவிநயா.

“அப்பிடி இல்லை ரீச்சர். அடியிலை பிடிக்கோணும்” என்றாள்.

அவள் என்னோடு கதைத்த முதல் வசனம் அது. குனிந்து காட்டினாள். பிறகு நிற்கவேயில்லை. அரை மணித்தியாலம் முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகும் முற்றத்தில் தனியாக நின்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்குப் போய் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன், அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அதே விளையாட்டு. ஊதினால் பிடுங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் பிடுங்குவார்கள்.

பேத்தி வீட்டு முற்றத்திலும் குனிந்து நிமிர்வதைக் கண்ட சிவபாதம் ஐயாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரையும் தன் தோட்டத்துக்குக் கூட்டிவரும்படி அவராகவே கேட்டார். தண்ணீர் இறைப்பதைப் பார்க்கட்டும், பாத்திக்குள் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கட்டும் என்றார். கயிறு ஒன்றைப் பிடிக்கச் செய்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படை நடத்துவது போல அவர்களை ஒழுங்கையால் கூட்டிப் போனேன். இராசமலர் ரீச்சர் தனக்குக் கால் உளைவு என்று வரவில்லை. (அவருக்கு ஏதோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.)

பிள்ளைகள் வரம்பில் வரிசையாக நின்றார்கள். வெங்காயம் அப்போதுதான் வேர் பிடித்து, விரலளவு பச்சையாக எழும்பியிருந்தது. ஐயா எங்களுக்கு முதுகு காட்டி, தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். பம்பு போட்ட சத்தத்தில் எதுவும் கேட்காது. அந்த நேரம் ஒரு பிள்ளை கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கியது. கத்தினாலும் கேட்காது. விசிலை எடுத்து முழு மூச்சில் ஊதினேன்.

என் வகுப்பு முழுவதும் குனிந்தது.

நான் அதைக் கவனிக்கவில்லை. கண் கிணற்றில் இருந்தது. ஊதிக்கொண்டே ஓடினேன். ஊத ஊத அவர்கள் பிடுங்கினார்கள். நான் வேகமாக ஊதினேன், அவர்கள் வேகமாகப் பிடுங்கினார்கள். கிணற்றுக்குப் போன பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, ஆகாயத்தில் வெங்காயம் பறந்துகொண்டிருந்தது. ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்திக்கு இறங்கியிருந்தார்கள். எல்லோரும் அடியில்தான் பிடித்தார்கள்.

ஐயா பம்பை நிறுத்தினார். அந்த அமைதியில் கவிநயா இரண்டு கையும் நிறைய வெங்காயப் பயிரோடு அவரிடம் ஓடினாள். ஓடினாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் ஓடி நான் கண்டது அன்றைக்குத்தான்.

“அம்மப்பா, நான்தான் எல்லாரையும்விடக் கூடப் பிடுங்கினது” என்றாள்.

அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் பயிற்சியில் படித்ததைச் சொல்லத் தொடங்கினேன். பெருந்தசை இயக்கம், கண்ணும் கையும் ஒத்துழைப்பது என்று வாய் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர் கடைசிவரை கேட்டார்.

“ஓம் பிள்ளை. நல்லா இயங்குதுகள்” என்றார்.

அது போதாதென்று, பிடுங்கியதைத் திரும்ப நடும்படி பிள்ளைகளை நானே பாத்திக்குள் இறக்கினேன். பாதி வெங்காயம் தலைகீழாகப் போனது. பிடுங்காமல் தப்பியிருந்த பாத்தி காலடியில் போனது.

அடுத்த கூட்டத்தில் பெற்றோர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. நட்டத்தை நாங்கள் எப்படியாவது தந்துவிடுகிறோம் என்று இராசமலர் ரீச்சர் சொன்னார். சிவபாதம் ஐயா தலையை ஆட்டி மறுத்தார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. பம்பை நிறுத்தித் திரும்பியபோது, கிணற்றடியில் நான் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை அவரும் கண்டிருந்தார்.

“காசு ஒண்டும் வேண்டாம். பிள்ளையளை உள்ளுக்கை வைச்சிருங்கோ. எனக்கு அது போதும்.”

நான் எழும்பி நின்று, “சரி ஐயா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மினிபஸ்ஸில் அறிமுகமில்லாதவர்களைக்கூட விடாமல் பிடித்துப் பேசிய வாய்க்கு, பேச வேண்டிய ஒரே இடத்தில் வந்த சொல் அது. விசில் வேண்டாம், தோட்டம் வேண்டாம், படலையைப் பூட்டுவோம், ஆனால் முற்றத்தை மட்டும் விட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார். வெட்கத்தில் எனக்கு எப்படியாவது அந்தக் கூட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் விளையாட்டு நேரம் வந்தபோது கவிநயா கதிரையை விட்டு எழும்பினாள். “ரீச்சர், வெங்காயம்?” என்றாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் எழும்பினாள். மறுநாளும் நாளைக்கு என்றேன். கொஞ்ச நாளில் எழும்பாமல் இருந்தபடியே பார்த்தாள். பிறகு பார்ப்பதையும் விட்டாள். அவளுடைய ‘அ’ மிகவும் வடிவாக வந்தது. இராசமலர் ரீச்சர் எல்லோருக்கும் காட்டினார்.

தான் கூடுதலாகப் பிடுங்கியதால்தான் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று பிள்ளை நினைக்கிறாள் என ஒருநாள் அவளுடைய தாய் சொன்னார். நான் அவளைக் கூப்பிட்டு, அது உன் பிழை இல்லையம்மா, ரீச்சரின்ரை பிழை என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளோ தெரியாது.

அவள் முதலாம் வகுப்புக்குப் போன பிறகு, ஒரு காலையில் சிவபாதம் ஐயா சைக்கிளில் புது ஊஞ்சல் சங்கிலியோடு வந்தார். தானே ஏறி மாட்டினார். முற்றத்தில் பிள்ளைகளை விடச் சொன்னார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பித் தரும்போதுதான் கதைத்தார்.

“வீட்டிலையும் ஒரு மூலையிலைதான் இருக்கிறாள் பிள்ளை. அவள் இஞ்சை இருந்த காலத்திலை இதைச் செய்திருக்கோணும்.”

நான் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இப்போது எனக்குக் கலியாணமாகி, வேறு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வில்லை. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், சாப்பாட்டு மேசையில் என் கணவர் இதைத்தான் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் பாத்தி ஒன்று கூடும். என் தம்பி எழும்பி விசில் அடிப்பான், சின்னதுகள் எல்லாம் குனிந்து பிடுங்கும். நான்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிப்பேன். அவர்கள் சொல்லும் கதை, வெங்காயத்தைத் தலைகீழாக நட்டதோடு முடிந்துவிடும். அதில் கவிநயா வருவதில்லை. நானும் இதுவரை அவளைச் சேர்த்துச் சொன்னதில்லை.