கருநீலப் புடவையும் வெள்ளைச் சட்டையும்

என் தலையில் பொடுகு உண்டு. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (வெட்கப்பட வைக்கப் பலர் முயன்று ஓய்ந்துவிட்டார்கள்.)

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குத் திண்டிவனத்திலிருந்து பெண்பார்க்க வந்தார்கள். முந்தைய இரு வரன்களும் தட்டிப்போயிருந்தன. இதுவும் தவறினால் தங்கையின் கல்யாணமும் தள்ளிப்போகும் என்று அப்பா கலங்கியிருந்தார்.

எண்ணெய் வைக்காததால்தான் பொடுகு என்பது அம்மாவின் அசையாத கொள்கை. ஒரு வாரமாக மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயைக் காய்ச்சி, வடை சுடும் அளவுக்கு என் தலையில் ஊற்றினார். நான் முன்பு போய்க் காட்டிய புதுச்சேரித் தோல் மருத்துவர் சொன்னதோ வேறு: எல்லோர் தலையிலும் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது, எண்ணெய்ப் பசைதான் அதற்கு உணவு, அது தின்று மிச்சம் வைப்பதைச் சிலருடைய தோல் பொறுத்துக்கொள்ளும், சிலருடையது பொறுக்காமல் உதிரும். ஆக, அம்மா அதற்குப் பாசத்தோடு பந்தி வைத்துக்கொண்டிருந்தார். தெரிந்தும் தலையைக் கொடுத்தேன். அந்த விரல்களை எப்படித் தட்டிவிடுவது?

மெலிவாகத் தெரிய வேண்டுமென்று நான் கட்டியதோ கருநீலப் புடவை. (என்ன அறிவு!)

கேசரித் தட்டோடு குனிந்தேன். பின்னலில் சவுரிமுடி இருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கப்படி, மாப்பிள்ளையின் அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தார். முடி வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. தோளிலும் கேசரியிலும் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

"என்னாம்மா இது, மாவு சலிச்சாப்ல கொட்டுது? தலைக்கு எண்ணெ வெக்கறதில்லியா?"

கதவோரம் நின்ற அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அடக்கம் எதற்கு?

"எங்கம்மா தெனமும் வெச்சிக்கினுதாங்க இருக்காங்க. இது அழுக்கில்லீங்க, எண்ணெ இல்லாததாலயும் வர்றதில்ல. எல்லார் தலையிலயும் இருக்கறதுதான், சில பேரு தோலுக்கு ஒத்துக்கறதில்ல. உங்க புள்ளைக்கும்தான். வந்ததுலேர்ந்து சொறிஞ்சிக்கினே இருக்காரு. அவரு வெள்ளச் சட்ட, நான் கருநீலப் புடவ. அவ்ளோதாங்க வித்தியாசம்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தலையிலிருந்த கையை மெல்ல இறக்கினார். பிறகு என் தட்டின் மேல் குனிந்து, தன் தலையை ஒருமுறை உதறிக் காட்டினார்.

"சரியாத்தான் சொல்றாங்கம்மா," என்றார்.

கேசரியை யாரும் தொடவில்லை. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

எங்கள் பிள்ளைகள் இருவரில் மகளுக்கு மட்டும் பொடுகு. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தன் குறையை மறைத்துப் பிறரைக் குறை சொன்னால், முதலில் கேட்பவர் என் மாமியார்தான்:

"இன்னா, வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்துட்டியா?"