புலி பூட்டிவைத்த சுரைக்காய்க் கூட்டு

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற காடுதான், வேங்கையப்பன் என்றொரு புலி இருந்தது. பெயரைக் கேட்டாலே எல்லைக்கு அப்பால் இருக்கும் சிறுத்தைகள் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. பாவம், அந்தப் புலிக்கு இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போய் வெகுகாலமாயிற்று. குகைக்குள் சுரைக்காய்க் கூட்டு வைத்துச் சாப்பிட்டு வந்தது. சாப்பிட்டோமா, ஏப்பம் விட்டோமா என்று இருந்திருக்கலாம். சமைப்பதை வீடியோ எடுத்து, தானே போட்டுப் பார்த்து ரசிக்கவும் செய்தது.

விஷயம் வெளியே தெரிந்தால் புலி என்று யார் மதிப்பார்கள்? அதனால் செல்போனில் ஒரு ரகசியப் பெட்டகச் செயலியை இறக்கி, வீடியோக்களை அதில் பூட்டிவைத்தது. யாராவது தப்பான எண்ணைத் தட்டினால், திருடன் என்று படமெடுத்து வைக்கும் செயலி அது. புலியின் பாதமோ ஒரே தட்டில் நான்கு எண்களில் பட்டது. கொஞ்ச நாளில் செல்போன் முழுக்கத் திருடனாக அதன் முகமே நிறைந்தது.

கம்ப்யூட்டர் என்றால் கீபோர்டு பெரிதாக இருக்குமே என்று ஒன்றை வாங்கியது. ரிப்பேர் கடை வைத்திருந்த செம்பி என்ற மான் நடுங்கிக்கொண்டே வந்து, செல்போன் செயலி கம்ப்யூட்டரிலும் ஓடும்படி செய்துவிட்டு, கூலியைக்கூட வாங்காமல் ஓடியது. புலி வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டகத்தில் சேர்த்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

சில நாளில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மறுபடியும் செம்பியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. செம்பி திரையைப் பார்த்தது. புலியைப் பார்த்தது. அதன் நடுக்கம் நின்றுவிட்டது.

"நீங்க பூட்டினது வீடியோவோட காப்பியைத்தாங்கய்யா. ஒரிஜினல் எல்லாம் வெளியவே கிடக்கு. எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு, அதான் இடமே இல்ல."

புலிக்கு முகம் செத்துவிட்டது. இந்த மானைத் தின்றுவிட்டால் ரகசியம் தப்பும், ஆனால் வயிறு தாங்காதே. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் சொல்லிவிடுவாயா என்று கேட்டது. கேட்கும்போதே அழுகை வந்தது.

"சொன்னா நாளைக்கே சிறுத்தைங்க உள்ள வந்துடும். எங்களுக்கு நீங்களே போதும்யா. கூட்டுல தேங்காயை மட்டும் குறைங்க, உங்க வயித்துக்கு ஆகாது."

ஒரிஜினலை எல்லாம் அழித்துவிட்டு, இந்த முறை கூலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, செம்பி குகை வாசலுக்கு வந்தது. அங்கிருந்து, புலி கடிக்க வருகிறது என்று காடே கேட்கக் கத்திக்கொண்டு ஓடியது. புலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஓர் உறுமல் உறுமியது.

நீதி: ரகசியத்தைப் பூட்டி வைக்க மெனக்கெடாதீர்கள், அது வெளியே வந்தால் பார்த்தவருக்கும் நஷ்டம் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.