இரண்டாம் அத்தியாயம் வரைக்குமாவது

அன்புள்ள அண்ணன் மகனுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துவிட்டதால் அதைத் தனியாகக் கேட்கவில்லை.

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். நீ வேலை பார்க்கும் புத்தகக் கடையிலிருந்து என் மகள், அதாவது உன் தங்கச்சியின் பிறந்தநாளுக்கு அந்த உலகம் அழியும் கதை வந்து இறங்கியதே, அன்றைக்கே, பார்சலைப் பிரிக்கும் முன்பே, "இது நம்ம வீட்டை ஒரு வழி பண்ணாம விடாது" என்று உன் சித்தியிடம் சொன்னேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள் அவள். நான் சொல்வது எது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, விடு.

முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் உன் தங்கச்சி நேரே என் சோபா கடைக்கு வருவாள். பாதி தைத்துக் கிடக்கும் சோபாவில் படுத்துக்கொண்டு, யார் யாரோடு சண்டை, எந்த டீச்சருக்கு எந்தப் பட்டப்பெயர் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். புத்தகம் வந்த பிறகு அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. எனக்குக் கிடைப்பது ஒரு "ம்". அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு "ம்ஹூம்". இப்படி இருக்கையில் ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே வாயைத் திறந்தாள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கே உலகம் அழிஞ்சா நம்ம வீட்ல யாரு தப்பிப்பாங்கன்னு யோசிச்சேன். அம்மா தப்பிச்சிடுவாங்க. நர்ஸு, காயத்துக்குத் தையல் போடத் தெரியும். நான் தப்பிச்சிடுவேன். கீழ்வீட்டுப் பூனை கண்டிப்பா தப்பிச்சிடும்."

"அப்பா?" என்றேன்.

"நீங்க முதல் அத்தியாயத்துலயே போயிடுவீங்கப்பா. இந்த மாதிரிக் கதையில எல்லாம் அப்பாதான் முதல்ல போவாரு. கோவிச்சுக்காதீங்க."

"தையல்தானே? எனக்கும்தான் தெரியும்! இந்த ஊர்ல பாதிப் பேரு உக்காந்திருக்கறதே என் தையல் மேலதான்!"

உன் சித்தி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. யாரும் தலையில் தட்டப் போகவில்லை. நான் போகிற நிலைமையில் இல்லை. அந்த இடத்திலேயே தீர்மானம் செய்துவிட்டேன்: இரண்டாம் அத்தியாயம் வரைக்குமாவது நான் உயிரோடு இருந்தே தீருவது.

மறுநாள் அந்தப் புத்தகத்தை நைசாகக் கடைக்கு எடுத்துப் போனேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் பிரிந்துவிட்டது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் படிக்கிற வேகத்தைப் பார்த்து ஸ்பிரிங் சப்ளை பண்ண வந்தவர் "வக்கீலுக்குப் படிச்சீங்களா?" என்று கேட்டார். கதை என்னவென்றால், மஞ்சள் காற்று ஒன்று வருகிறது, சுவாசித்தவன் சாய்கிறான், அப்பாக்காரன் குடையோடு வெளியே ஓடுகிறான். குடையோடு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் ஒரு சோபாக்காரன் கூடவா இல்லை? சினிமா கொட்டகை நாற்காலிகளுக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு ரெக்சின் நல்ல கனம், ஊசியே அனுமதி கேட்டுத்தான் நுழையும். அதில் தலையிலிருந்து கால் வரை ஒரே உடுப்பாகத் தைத்தேன். உள்ளே ஃபோம், முகத்துக்குக் கண்ணாடி பிளாஸ்டிக், கக்கத்தில் மூச்சுக்கு வழி, முன்னால் குஷன் ஜிப். ராணுவம் பார்த்திருந்தால் விட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் போய் நின்றேன். "என்னங்க இது, சோபாவுக்குக் கால் முளைச்சிருக்கு?" என்றாள் உன் சித்தி. உன் தங்கச்சி அறையிலிருந்து வெளியே வந்தாள்! சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரவால்லப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பத்து சோபா இலவசமாகத் தைப்பேன்.

கழற்றப் போனால் ஜிப் சிக்கிக்கொண்டது. குஷன் உறைக்கு ஜிப்பின் பிடியை வெளிப்பக்கம்தான் வைப்போம், உள்ளே இருந்து வெளியே வர ஆசைப்பட்ட குஷனை நான் பார்த்ததில்லை. கைப்பழக்கத்தில் இதற்கும் அப்படியே வைத்துவிட்டேன். உன் தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறாள், அசையவில்லை. உன் சித்தி கத்திரிக்கோலோடு வந்தாள். "வெட்டின, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன். "இப்ப மட்டும்?" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து, மெழுகு ஊறும்வரை காத்திருப்பதுதான் முறை என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். தரையில் மல்லாந்து படுத்தேன். "சும்மா இருக்கற நேரம், அந்தக் கதையைப் படிச்சுக் காட்டேன்" என்றேன்.

படித்தாள். பிளாஸ்டிக்குக்குக் கிட்டே வாயை வைத்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரலில். அந்நேரம் பார்த்துப் பூனையைத் தேடி வந்த கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா, திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். தரையில் நீளமாகக் கறுப்பு மூட்டை, நடுவில் ஜிப், பக்கத்தில் ஒரு பெண் எதையோ வாசிக்கிறாள். "ஐயோ, எப்பம்மா நடந்துச்சு?" என்றார். நான் மரியாதைக்காக எழுந்து உட்கார்ந்தேன். அவருடைய ஒரு செருப்பு இன்னும் எங்கள் வாசலில் இருக்கிறது.

அதன்பின் குடை வந்த இடம். உன் தங்கச்சி புத்தகத்தை மூடப் போனாள்.

"இது வேணாம்ப்பா."

"படி. நான்தான் உள்ள பத்திரமா இருக்கேனே."

படித்தாள். என் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. எச்சில் என்றாள். அத்தியாயம் முடிந்தது. நான் இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்தைத் திருப்பினாள், "சரி, வாங்க" என்று இரண்டாவதைத் தொடங்கினாள். உன் சித்தி திரும்பி வருவதற்குள் புத்தகத்தில் பாதியைத் தாண்டிவிட்டோம். அப்புறம்தான் மெழுகு ஊறி ஜிப் திறந்தது.

ஆகவே இரண்டாம் பாகத்தைத் தாமதிக்காமல் அனுப்பு. எத்தனை பாகம் வந்தாலும் சரி, கடைசிப் பக்கம் வரை நான் போயே தீருவேன். பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு நல்ல வேலை, நல்ல தூக்கம், நல்ல நாற்காலி எல்லாம் அமையட்டும்.

உன் சித்தப்பா

பி.கு.: ஜிப் சிக்கவே இல்லை. இத்தனை காலம் தைத்தவன் உள்ளே ஒரு பிடி வைக்காமல் இருப்பேனா? அவள் வெளியே இழுக்க இழுக்க, நான் உள்ளே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை இன்னும் வலிக்கிறது. யாரிடமும் மூச்சு விடாதே. நேற்று அவள் அந்த உடுப்பை மடித்து வைக்கிறேன் என்று உள்பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பிடியைப் பார்த்தாள். இழுத்தும் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "ரெண்டாம் பாகம் எப்பப்பா வரும்? அன்னிக்கும் மாட்டிக்குவீங்கல்ல?" என்றாள்.