அடுத்தவர் வடிகாலில் உப்பு பார்ப்பவர்

உப்புக் காவலர் என்றொரு இனம் இருக்கிறது. ஆற்றோரம் வயல் உள்ள ஊர்களில் ஒருவராவது கட்டாயம் அகப்படுவார். கழுத்தில் உப்பு மீட்டர், சட்டைப்பையில் நோட்டு, முகத்தில் ஆற்றைத் தானே பெற்று வளர்த்த தோரணை.

நம்மவர் விவசாயிகள் சங்கத்தின் பாசனக் கண்காணிப்பாளர். தேவைக்கு மேல் பாய்ச்சிய தண்ணீர் மண்ணிலுள்ள உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வடிகால் வழியே ஆற்றில் சேருகிறது என்று கண்டவரையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார், ஒவ்வொரு வடிகாலிலும் குனிந்து மீட்டரை முக்குவார், 'ச்சு' கொட்டுவார், அளவைச் சங்கத்துக் கரும்பலகையில், வயல்காரர் பெயரோடு, ஊரே படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதுவார். ஊரிலேயே பெரிய வயல் அவருடையது. அவர் பெயர் மட்டும் பலகையில் இருக்காது. எழுதுகிறவர் பெயரையுமா எழுதுவார்கள்?

ஆற்றின் கீழ்ப்பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் மகள் ஒருநாள் காலையில் வந்து நின்றாள், கையில் நுனி கருகிய தக்காளி நாற்றோடு.

"அப்பா, தண்ணி கரிக்குது. இந்த வருஷமும் இப்படியே போனா பண்ணைய மூட வேண்டியதுதான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எல்லாம் பக்கத்து வயல்காரன் வேலை! வா, காட்டறேன்."

காட்டினார். பக்கத்து வடிகாலில் மீட்டர் சாதுவாக இருந்தது. வயல்காரர் வரப்பில் நின்று, "என்ன சார், இன்னைக்குக் குடும்பத்தோட சோதனையா?" என்று விசாரித்தார். மகள் மீட்டரை வாங்கிப் புதரை விலக்கி, அப்பாவின் வடிகாலில் முக்கினாள். எண் ஏறிக்கொண்டே போனது.

"மீட்டர் கெட்டுப்போச்சும்மா."

"நம்ம வயல்ல மண் ஈரம் பாக்கற கருவிய எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

மரத்தடியில். வெயிலில் நின்று பார்க்க முடியாமல் நிழலில் நட்டிருந்தார். மரம் வேரால் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கருவி எப்போதும் வறட்சி என்றே காட்டும். அவரும் பதறியடித்து மோட்டாரைப் போடுவார். மூன்று வருடமாக. பெற்ற மகளின் நாற்றைக் கருக்கியது அவர்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மோட்டாரை நிறுத்தினார். கருவியை நடு வயலில் நட்டார். சங்கத்துக்குப் போய்ப் பலகையில் தன் பெயரையும் அளவையும் எழுதினார், கொஞ்சம் பொடி எழுத்தில். மகள் அதை அழித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சிரிக்கிறீர்களா? படிக்கும்போதே, 'அட, இது நம்ம இன்னார்தானே!' என்று ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? எழுதும்போது எனக்கும் நாலு முகம் வந்தது. அதில் என் முகம் இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம். நீங்களும் எதற்கும் கழுத்தைத் தடவிப் பாருங்கள், மீட்டர் தொங்குகிறதா என்று.