புகைபோக்கியில் வந்த அழுகை

பயத்தில் ஓடாதவர் யாருமில்லை. ஆனால் மனைவியையும் மாமனாரையும் உள்ளே விட்டுவிட்டு, தானே கட்டிய வீட்டிலிருந்து, பட்டப்பகலில் ஓடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது திருச்செங்கோட்டில் புது இன்ஜினீயர். (உடம்பு இங்கே, நினைப்பெல்லாம் ஐரோப்பாவில்.) செல்போனில் பார்த்த பனிமலை வீடு ஒன்றை அப்படியே எனக்காக எழுப்பினேன். செங்குத்துக் கூரை, ஹாலில் குளிர்காயும் கணப்பு, அதற்கு மேல் நெட்டையாகப் புகைபோக்கி.

"இங்க எதுக்குங்க குளிர்காயறது?" என்றார் மேஸ்திரி.

"அழகுக்கு" என்றேன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஆடியில் குடிபோகக் கூடாதே என்று ஆனிக் கடைசியில் அவசரமாகப் பால் காய்ச்சினோம். ஆடி முதல் நாள், தலை ஆடிக்கு மகளை அழைத்துப்போக ராசிபுரத்திலிருந்து மாமனார் வந்தார். நடுமதியம். இலை போட்டு, நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு ஒரு பெண் விசும்பினாள். ஃபேனை நிறுத்திப் பார்த்தோம். விசும்பல் நிற்கவில்லை, மெல்ல ஏறி ஒப்பாரியானது. கணப்பிலிருந்து ஒரு பிடி சாம்பல் தரையில் உதிர்ந்தது. அதில் நாங்கள் ஒருநாளும் தீ மூட்டியதில்லை.

"ஆருங்க மாப்ள அழுவறது?"

பதில் சொல்ல மாப்பிள்ளை அங்கே இல்லை. தெருமுனை டீக்கடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், கையில் சோற்றுக் கரண்டியோடு.

திரும்பி வந்தபோது மாமனார் மகளின் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"பேய் கெடக்குதுங்க. ஆடி முடிஞ்சு எம் புள்ளைய ஆர நம்பி இங்க அனுப்பறது?"

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க!" உள்ளிருந்து என் மனைவி கவிதா கூப்பிட்டாள். கணப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிமெண்டுப் பொடி, நாங்கள் சாம்பல் என்று நினைத்தது. "வானம் தெரியுதுங்க. காத்து வந்தா அழுவுது, நின்னா நிக்குது."

பனி நாட்டுக்காரன் புகை வெளியேற வைத்த குழாயில் எங்கள் ஆடிக்காற்று புகுந்து ஊதியிருக்கிறது!

நடுங்கியபடி கூரையேறி (பனி வழுக்கவேண்டிய கூரையில் நான் இரண்டு முறை வழுக்கினேன்) சிமெண்டு அள்ளும் இரும்புச் சட்டியைப் புகைபோக்கியின் வாயில் கவிழ்த்துக் கட்டினேன். அழுகை நின்றது. மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார்.

"எறங்கி வாங்க மாப்ள, சோறு ஆறுது. ஆவணி பொறந்ததும் நானே கொண்டாந்து உடறனுங்க."

இப்போதும் ஒவ்வோர் ஆடி முதல் நாளும் அவரிடமிருந்து போன் வரும். "ஏனுங்க மாப்ள, அந்தம்மா வந்துட்டாங்களா? நீங்க ஊட்லயா, டீக்கடையிலயா?"

இந்த வருடமும் கேட்டார். சட்டி மேலேதான் இருந்தது. காற்றே இல்லை, வேப்பிலைகூட அசையவில்லை. "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க மாமா" என்று சிரித்தேன்.

கணப்புக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கவிதா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.