வாட்டம் கொடுத்த தகரமும் வளையாத அப்பாவும்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. அங்கு நீங்களும் மாமாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் அப்பா இல்லையே.

கூரையிலிருந்து கொட்டும் மழைத்தண்ணீர் என் அறைச் சுவரை ஊறவைத்துப் புத்தக அலமாரியின் முதுகுவரை வந்துவிட்டதால், அதைக் கூரை விளிம்பிலேயே பிடித்து ஓரமாக இறக்கிவிடும் தகரக் கால்வாய் ஒன்றைப் பொருத்த ஆள் அழைத்தோம். தகரக்காரரும் மூலைக் குழாயை நோக்கிச் சற்றே சரிவாகப் பொருத்திவிட்டுப் போனார். அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காலமெல்லாம் படங்களுக்குச் சட்டம் போட்டவர். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட இறந்தவரின் படத்தை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி, ரசமட்டம் வைத்து, அதன் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை தகரத்தை நிமிர்த்திவிட்டார். அன்று மாலையே மழை. தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று, நிரம்பி, என் ஜன்னலுக்கு நேர் மேலே அருவியாக விழுந்தது. நான் வந்து பார்த்தபோது கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிய ரொட்டிபோல உப்பிக் கிடந்தன.

திரும்பி வந்த தகரக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், வாட்டம் குடுக்காம தண்ணி எப்படி சார் ஓடும்?"

"தண்ணி ஓடணுங்கிறதுக்காக என் வீடு கோணலா நிக்கணுமா?" என்றார் அப்பா.

"விடுங்க தம்பி," என்றாள் அம்மா. "கல்யாணம் ஆனதுலேருந்து என்னையே நிமித்தப் பாக்கிறவரு. தகரம் எம்மாத்திரம்?"

தகரக்காரர் மறுபடி சரிவாகப் பொருத்திவிட்டு, முன்யோசனையாக நம் ஏணியையும் கையோடு எடுத்துப் போனார். ஏணி இல்லாவிட்டால் என்ன, முக்காலி இல்லையா? சுவரில் தகரத்துக்கு இணையாக, அதே சரிவில், கையகல நீலப்பட்டை ஒன்றைத் தீட்டிவிட்டார் அப்பா. இப்போது தகரம் நேராகத் தெரிகிறது. வீடுதான் சாய்ந்து தெரிகிறது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, "ஐயையோ, உங்க வீடு ஒரு பக்கமா இறங்குதுடி! எல்லாரும் வெளிய வாங்க!" என்று அலறினார். அப்பா அசரவில்லை. "வீடு சரியாத்தான் இருக்கு. அந்த ஜன்னல்தான் கோணல்."

அது என் அறை ஜன்னல். அதைப் பெயர்த்துப் பட்டைக்குப் பொருத்தமாகச் சாய்த்து வைக்கத் தச்சரைக் கூப்பிடப் போகிறாராம். மழைக்காலத்தில், சுவரில் ஓட்டையோடு, மிச்சப் புத்தகங்கள் என்ன ஆவது? யார் சொல்லியும் கேட்காதவர், தங்கை ஒரு முறை முறைத்தால் அடங்கிவிடுவார். அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வாருங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சுவர்கள் நீடூழி உலர்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன் மகள்

பி.கு.: கடிதத்தை அஞ்சலில் சேர்க்கப் புறப்பட்டு, தெருவில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை, ஜன்னல் கோணல்தான். பார்க்கச் சகிக்கவில்லை. தச்சரை நானே வரச் சொல்லிவிட்டேன். நீங்கள் வரவேண்டாம். வாசற்கதவும் சரியில்லை, அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.