சம்மனசின் வாளுக்கு நான் செய்த வைத்தியம்

வன்னியில் ஆயுதத்துக்குப் பஞ்சமே இல்லாத தொண்ணூறுகளில், பழைய ஆயுதம் தேடி அலைந்த ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். இதை வெட்கப்பட்டுச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுடாத, வெடிக்காத ஆயுதத்தில் ஒரு பெண்பிள்ளை ஆசை வைத்தது அந்தக் காலத்தில் பெரிய புண்ணியம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். மாங்குளத்தில் ஒரு கடைக்காரர் கடலைச் சரை சுற்றுவதற்காகக் கிழித்துக்கொண்டிருந்ததை நான் பறித்து வந்தேன். அட்டை இல்லை, முதல் நாற்பது பக்கமும் கடலையோடு போய்விட்டன. மிச்சத்தில் சீனத்து வாள்கள், மலாய்க் கத்திகள், ஜாவா ஈட்டிகள் எல்லாம் படத்தோடு இருந்தன. ஒரே வருடத்தில் நான் நிபுணர் ஆகிவிட்டேன். தர்மபுரத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு சீனப் போர்க்கோடரியும் சேர்ந்துவிட்டது. (அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது எங்கட மண்வெட்டியின்ர உடைஞ்ச பாதியடி" என்றார். அப்பா நல்ல கமக்காரர். சரித்திரம் தெரியாது.)

இருபத்தைந்து வயதில் எனக்கு முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை வேலை கிடைத்தது. திரேசக்கா வீட்டில் தங்கினேன். அவருடைய கணவர் யாக்கோப்பு அண்ணை வள்ளம் வைத்திருந்தார். நான் சைவம், அவர்கள் வேதக்காரர். மீன் வாசத்துக்கு ஒரு மாதத்தில் பழகினேன். மற்றவற்றுக்குப் பழகாமலே பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஊர்க் கோயிலில் மிக்கேல் சம்மனசின் சுரூபம் ஒன்று உண்டு. (தேவதூதரை அவர்கள் சம்மனசு என்பார்கள்.) காலடியில் பிசாசு, ஓங்கிய கையில் வாள். திருநாளுக்கு முதல் வாரம் அந்த வாள் திரேசக்கா வீட்டுக்கு வந்தது. ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

குசினிச் சுவரில் ஆணியில் தொங்கிய வாளைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளிப் பெயின்ற் தடிப்பாகப் பூசியிருந்தது. ஆனால் அதற்கடியில் அலகு பாம்புபோல வளைந்து வளைந்து போனது. எண்ணினேன், பதின்மூன்று வளைவு. அடியில் ஒரு பக்கம் மட்டும் அகன்று, அங்கே யானைத் தும்பிக்கைபோல ஒரு சின்னச் சுருள். கிறிஸ்! மலாய்க்காரரின் கிறிஸ் கத்தி! ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த ஒரு சிப்பாயின் இடுப்பில் இருந்தது, சம்மனசின் கையில் போய் நிற்கிறது!

புத்தகத்தில் எழுதியிருந்தது: நல்ல கிறிஸ் என்றால் இரும்பை மடித்து மடித்து அடித்திருப்பார்கள். எலுமிச்சை, அதாவது எங்கள் தேசிக்காய்ப் புளியில் கழுவினால் உள்ளே ஒளிந்திருக்கும் கோலம் தெரியும். திருநாளுக்கு முதல் நாள் காலை திரேசக்காவும் அண்ணையும் கோயில் சோடிக்கப் போனார்கள். நான் வேலையைத் தொடங்கினேன்.

உடைந்த போத்தில் ஓட்டினால் பெயின்ற்றைச் சுரண்டினேன். ஒரு பூச்சு போனால் இன்னொரு பூச்சு, வெங்காயம்போல உரிந்துகொண்டே வந்தது. முப்பது வரைக்கும் எண்ணி விட்டுவிட்டேன். நடுவில் ஒரு நீலம்கூட இருந்தது. "ரசனை கெட்ட சனம்" என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு பதினெட்டுத் தேசிக்காய், தும்பு, சாம்பல். மத்தியானம் கோலம் எழும்பிவிட்டது. கறுத்த இரும்பில் சாம்பல் நிறத்தில், மரத்தின் வைரம் ஓடுவதுபோல வரி வரியாக. நான் அழுதேவிட்டேன். வாளை வாசற்கதிரையில் வைத்து, பக்கத்தில் புத்தகத்தையும் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

திரேசக்கா வந்தார். பார்த்தார். கையிலிருந்த பூக்கூடை கீழே விழுந்தது.

"ஐயோ ரீச்சர், சம்மனசின்ர வாளுக்குச் சொறி பிடிச்சிட்டுதே!"

"சொறி இல்லையக்கா, இதுதான் அதின்ர உண்மையான வடிவு. இது ஜாவாக் கத்தி. இந்தப் படத்தைப் பாருங்கோ..."

"பூச்சு எங்கை?"

முற்றத்துக் குப்பையைக் காட்டினேன். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஒரு வீட்டாரின் நேர்த்திக்கடன் அந்த ஒரு பூச்சு. அந்த வருடம் யாக்கோப்பு அண்ணை இயந்திரம் பழுதாகி மூன்று நாள் கடலில் அள்ளுப்பட்டுப் போய்த் திரும்பி வந்திருந்தார். அதற்காகத் திரேசக்கா வைத்த நேர்த்தி. நான் அந்த மனுசனின் உயிரைப் போத்தில் ஓட்டால் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

"அந்தாள் வந்ததுக்கெல்லோ பூசினனான். இப்ப அது இல்லையெண்டா?"

"நான் இஞ்சைதானேயப்பா நிக்கிறன்" என்றார் யாக்கோப்பு அண்ணை பின்னாலிருந்து.

"நீங்கள் வாயைப் பொத்துங்கோ. வாள் வெள்ளியாகிற வரைக்கும் நீங்கள் கடலுக்கு இறங்கேலாது."

கதை கரையெல்லாம் பரவியது. மாலைக்குள் மற்ற வீட்டுப் பெண்களும் அதையே சொல்லிவிட்டார்கள். தொழில் நின்ற ஆண்கள் பூவரச மரத்தடியில் வரிசையாக இருந்து என்னையே பார்த்தார்கள். ஆனாலும் பாதர் வந்தபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"பாதர், இது கிறிஸ். நான் நிரூபிப்பன்."

"பிள்ளை, சம்மனசு வாளை எங்கை வாங்கினவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. உரஞ்சினது நீர். பூசுறதும் நீரே."

பூச எதனால்? வன்னிக்குச் சாமான் வரவிடாத தடைக் காலத்தில் பெயின்ற் எங்கே? திரேசக்கா பூசியது யாரோ ஒளித்து வைத்திருந்த கடைசிச் சொட்டு. முடிவில், கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு நட்சத்திரம் வெட்டப் பெண்கள் சேர்த்து வைத்திருந்த சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்தான் கதியென்று வீடு வீடாகப் பிச்சைக்குப் போனேன். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வைத்து, நான் சுரண்டியது எது என்று சொல்லித்தான் தந்தார்கள். மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் மாறிய வருடம். காணாமல் போன வலை ஒதுங்கிய வருடம். "நீலம் எங்கடை ரீச்சர். வெள்ளி கிடையாமல் வள்ளத்துக்கு வாங்கினதைப் பூசினனாங்கள். பன்னிரண்டு வருசம் கழிச்சு மகன் பிறந்தவன்" என்று ஒரு அம்மா சொன்னபோது, காலையில் நான் திட்டிய வார்த்தை நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது.

கோதுமை மாப்பசை காய்ச்சித் தாளை ஒட்டினேன். ஒரு பக்கம் முழுக்க வெள்ளியாக மினுங்கியது. மறுபக்கத்தை இரும்பாகவே விட்டேன். (தாள் போதாமல் போனது என்று அந்த ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். வேண்டுமென்றே விட்டேன்.) மறுநாள் சுரூபத்தைத் தூக்கி ஊரைச் சுற்றிவந்த சுற்றுப்பிரகாரத்தில் வெள்ளிப் பக்கம் சனத்தையும், இரும்புப் பக்கம் சம்மனசையும் பார்த்தபடி போயின.

அதற்கு அடுத்த நாள் விடிய யாக்கோப்பு அண்ணை கடலுக்கு இறங்கினார். திரேசக்கா கரையில் போய் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மாப்பசையை நம்பி ஒரு மனுசன் கடலுக்குப் போயிருக்கிறார். தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன். தெரியாத மிக்கேல் சம்மனசையும் வாய்விட்டுக் கெஞ்சினேன். "அண்ணை வந்து சேரட்டும், நான் இனி எதையும் கேளாமல் தொடமாட்டன்." பத்து மணிக்கு வள்ளம் தெரிந்தது. அழுதது திரேசக்கா இல்லை, நான்தான்.

அடுத்த வருடத் திருநாளுக்கு வேறொரு வீட்டாரின் முறை. எங்கோ தேடி வெள்ளிப் பெயின்ற் எடுத்திருந்தார்கள். வாளைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. மற்றப் பக்கத்தில் என்னுடைய கோலம் எண்ணெய் பூசிப் பத்திரமாக இருந்தது.

"ஏன் அக்கா மற்றப் பக்கம் பூசேல்லை?"

திரேசக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதெப்பிடிப் பூசுறது ரீச்சர்? அண்டைக்குக் கரையில நிண்டு நேந்தனீங்கள்தானே. உரஞ்சின பக்கம் உங்கட நேர்த்தி. அதில நாங்கள் கை வைக்கலாமோ?"

இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அரைகுறையாகக் கழுவிய சட்டியைக் கண்டால், அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வார்: "அதைத் தொடாதேங்கோ, அம்மான்ர நேர்த்தி." சொல்லட்டும். அது கிறிஸ்தான்.